காட்டெருமைக்குப் பயந்து முன் கம்பி மாட்டினேன்: இனி ஏர்பேக் திறக்குமா?

கட்டபெட்டுக்காரன் (செவ்வாய், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவே கட்டபெட்டில் குடியிருக்கிறேன். கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். சரக்கு லாரியில் முன்னே போய்விடும், நான் என் காரில் பின்னால் போவேன். 2022-இல் வாங்கிய வண்டி, முன்னால் இரண்டு ஏர்பேக் இருக்கிறது.

போன ஐப்பசியில் அரவேணு தாண்டிய வளைவில், மூடுபனிக்குள் ஒரு காட்டெருமை சாலையின் குறுக்கே நின்றது. பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக்கை மிதித்ததில் வண்டி ஓரத்துச் சாக்கடையில் இறங்கி நின்றது. பக்கத்தில் என் பத்து வயது மகள் இருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வாரமே கீழே ஒரு பட்டறையில் 14 ஆயிரம் ரூபாய் கொடுத்து, இரண்டரை அங்குலக் குழாயில் செய்த முன் கம்பியை (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு, புல் பார் என்பார்களே அது) மாட்டிக்கொண்டு வந்தேன்.

சென்னையிலிருந்து வந்த மைத்துனர் அதைப் பார்த்ததும், "மாமா, இதை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஏர்பேக் திறக்காது" என்றார். பட்டறையில் கேட்டால், "சேஸிஸில்தான் மாட்டியிருக்கிறோம், சென்சாரைத் தொடவே இல்லை, கவலை வேண்டாம்" என்கிறார்கள். இரண்டில் எது உண்மை? என் மகள் உட்காரும் வண்டி என்பதால் கேட்கிறேன்.

குன்னூர்_சிம்ஸ் (செவ்வாய், இரவு 9.32)

மைத்துனர் சொன்னதுதான் சரி. கம்பி இருந்தால் மோதும் விசை சென்சாருக்குப் போகாது, ஏர்பேக் திறக்காது. நாளைக்கே கழற்றிவிடுங்கள்.

கல்லட்டி36 (செவ்வாய், இரவு 10.05)

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நான் 22 ஆண்டுகளாக உதகை, மசினகுடி, கூடலூர் பக்கம் வாடகை வண்டி ஓட்டுகிறேன். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடமான் மேட்டிலிருந்து நேராக வண்டியின் மேல் பாய்ந்தது. முன் கம்பி மட்டும் வளைந்தது. ரேடியேட்டர் தப்பியது, விளக்குகள் தப்பின. கம்பி இல்லாவிட்டால் அந்த இரவு முழுக்க நான்கு பயணிகளோடு காட்டுக்குள் நின்றிருப்பேன். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் நின்றுபோன வண்டியில் உட்கார்ந்திருப்பது என்ன என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். கட்டபெட்டு அண்ணன் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

பெருமாள்மலை_ஓய்வு (புதன், காலை 6.20)

ஐயா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும். நான் வாகன உதிரிபாகத் துறையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் இருக்கிறேன். எங்கள் ஊரிலும் காட்டெருமைகள் ஏரிச்சாலை வரை வருகின்றன. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏர்பேக் சென்சார் என்பது பம்பருக்குப் பின்னால் இருக்கும் பொத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மோதினால் பொத்தான் அமுங்கும், பை விரியும், நடுவில் கம்பி வந்தால் பொத்தான் அமுங்காது என்பது அவர்கள் எண்ணம். உங்கள் மைத்துனரும் பட்டறைக்காரரும் இந்த ஒரே எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள்.

உண்மையில் இருப்பது, வண்டி எவ்வளவு சடுதியில் வேகம் இழக்கிறது என்பதை அளக்கும் கருவி. முதன்மையான கருவி, முன் இருக்கைகளுக்கு நடுவே கியர் பெட்டிப் பக்கம் தரையில் பதித்த கணினிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பல வண்டிகளில் கூடுதலாக ஒன்றோ இரண்டோ ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் இருக்கும். மோதிய கணத்திலிருந்து வேகம் குறையும் விதத்தை அந்தப் பெட்டி ஒவ்வொரு மில்லி விநாடியும் (விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படித்துக்கொண்டே இருக்கும். இது சுவரில் இடித்த இடியா, குழியில் விழுந்த அதிர்ச்சியா, நாய் மோதியதா என்பதை அந்தக் குறையும் விதத்தை வைத்துத்தான் அது பிரித்தறிகிறது.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். பை முழுதாக விரிய ஏறக்குறைய 30 மில்லி விநாடி ஆகும். நாம் கண் இமைப்பதற்குள் அது மூன்று முறை விரிந்துவிடலாம். இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: ஓட்டுநரின் உடல் ஐந்து அங்குலம் முன்னால் சரிவதற்கு 30 மில்லி விநாடி முன்பே பைக்கு உத்தரவு போய்விட வேண்டும். அப்போதுதான் முகம் வந்து சேரும்போது பை விரிந்து முடிந்திருக்கும். உத்தரவு தாமதமானால், விரிந்துகொண்டிருக்கும் பைக்குள் முகம் போய் விழும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெளிவரும் துணி அது. காப்பாற்ற வந்ததே கழுத்தையும் முகத்தையும் காயப்படுத்தும்.

அடுத்தது, வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்காகவே கட்டப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் பம்பருக்குள் நுரைத் திண்டு, அதன் பின்னால் குறுக்கு உத்தரம், அந்த உத்தரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரண்டு நசுங்கும் பெட்டிகள், பிறகு நீளச் சட்டங்கள். இவை வரிசையாக நசுங்கும்போது வேகம் எப்படிக் குறைகிறது என்பதை நிறுவனம் பல வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து, அதற்கேற்பக் கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. நம் நாட்டு விதிப்படி ஒவ்வொரு புதிய கார் மாதிரியும் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில், முன்பகுதியில் நாற்பது விழுக்காடு மட்டும் படும்படி மோதிப் பார்க்கப்பட வேண்டும். அந்தச் சோதனைகளில் ஒன்றில்கூட உங்கள் இரண்டரை அங்குலக் குழாய் இல்லை.

அந்தக் குழாயைச் சேஸிஸில் நேராக மாட்டினால் நசுங்கும் பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. விசை நேராகச் சட்டத்துக்குப் போகும், இடி கூர்மையாகும். திறக்க வேண்டாத சிறு மோதலிலும் பை திறந்துவிடலாம். பெரிய மோதலில், நுரையும் பெட்டியும் வாங்கிக்கொள்ள வேண்டியதை உள்ளே இருக்கும் உடல் வாங்கும். மாறாக, கம்பியை மெல்லிய பட்டையில் மாட்டியிருந்தால் முதலில் அது மடியும். முதல் சில மில்லி விநாடிகள் மென்மையான மோதலைப் போலத் தெரியும். கணினி காத்திருக்கும், உத்தரவு தாமதமாகும்.

ஆகவே "திறக்காது" என்று அடித்துச் சொல்வதும் தவறு, "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதும் தவறு. அது திறக்கும் நேரம் இனி யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தை நம்பித்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. எனக்கு இதில் அச்சம் தருவது இதுதான்.

கட்டபெட்டுக்காரன் (புதன், காலை 7.45)

மிக்க நன்றி ஐயா. மூன்று முறை படித்தேன். ஆனால் என் முதல் பயம் அப்படியே இருக்கிறது. நாளைக்கே காட்டெருமை குறுக்கே வந்தால் என்ன செய்வது? கம்பி இருந்தால் ஓரளவாவது தடுக்கும் அல்லவா?

பெருமாள்மலை_ஓய்வு (புதன், காலை 9.30)

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஆட்களோடு உங்கள் வண்டி 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஆண் காட்டெருமை 800 கிலோ. நீங்கள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அதன் மேல் மோதினால், இரண்டும் சேர்ந்து நகரும் வேகம் ஏறக்குறைய 27 கி.மீ. அதாவது உங்கள் வண்டி சட்டென்று இழப்பது 13 கி.மீ. மட்டுமே. முன் ஏர்பேக் பொதுவாக 20 முதல் 25 கி.மீ. வேகத்தில் உறுதியான சுவரில் மோதுவதற்கு இணையான இடியில்தான் திறக்கும்படி அமைக்கப்படுகிறது. ஆகவே 40-இல் காட்டெருமையை மோதினால் பெரும்பாலும் பை திறக்காது, திறக்கத் தேவையும் இல்லை. சீட் பெல்ட் போதும்.

ஆனால் ஆபத்து வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. அந்த விலங்கின் திமில் கிட்டத்தட்ட ஆறடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் கம்பி அதன் காலிலும் அடிவயிற்றிலும்தான் படும். கால் வாரப்பட்டதும் 800 கிலோ உடல் பானட்டின் மேல் ஏறிக் கண்ணாடியை நோக்கி வரும். அதைத் தடுக்கக் கம்பியால் முடியாது. வேகத்தைக் குறைத்தால் மட்டுமே முடியும். ஈரச் சாலையில், திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி சேர்த்தால், சமதளத்திலேயே 60 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. என்றால் 15 மீட்டரில் நின்றுவிடும். இறக்கத்தில் இன்னும் கூடும். அரவேணு மூடுபனியில் உங்கள் கண்ணுக்கு எத்தனை மீட்டர் தெரிகிறதோ, அதைவிட அதிகமாக ஓடும் வேகத்தில் போகாதீர்கள் ஐயா. அன்று உங்களைக் காப்பாற்றியது உங்கள் பிரேக்.

இன்னொன்று. இந்தக் கம்பி முப்பது, நாற்பது கிலோ இருக்கும். அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. முன் ஸ்பிரிங் இறங்கும், விளக்கின் ஒளி தாழும், பிரேக்குக்கும் கூடுதல் பாரம். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைத்தால், இரண்டாம் கியரிலேயே ஏறும் மலைப்பாதையில் இன்ஜின் சூட்டையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கல்லட்டி36 (புதன், பிற்பகல் 2.15)

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்காக எல்லா வண்டியிலும் முன் கம்பி இருப்பதை நம் பயணிகளே படம் காட்டியிருக்கிறார்கள். அந்த வண்டிகளிலும் ஏர்பேக் இருக்கிறதே? அங்கே ஆகும், இங்கே ஆகாதா?

பெருமாள்மலை_ஓய்வு (புதன், மாலை 5.40)

நல்ல கேள்வி தம்பி. அங்கே ஆகும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வண்டி மாதிரிக்கும் தனித்தனியாகக் கம்பியை வடிவமைக்கிறார்கள். முன் கம்பிகளுக்கென்றே 2002-இல் ஏஎஸ் 4876.1 என்று ஒரு தரநிலை வெளியிட்டார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் கம்பியைத் தாங்கும் பிடிகளையே நசுங்கும்படி செய்து, ஏர்பேக் முன்பு போலவே வேலை செய்கிறதா என்று மோதிப் பார்த்து விற்கிறார்கள். அங்குள்ள சாலைகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆளில்லாத சமவெளி. ஐரோப்பாவில் நிலைமை வேறு. தெருவில் நடப்பவருக்கு ஆபத்து என்பதால் 2005-இல் தனி ஆணை கொண்டுவந்து, சோதனையில் தேறாத கம்பியை விற்கவே கூடாது என்றார்கள்.

நம் ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்துப் பற்றவைக்கும் நண்பர் கைத்திறன் மிக்கவராக இருக்கலாம். ஆனால் ஒரு வண்டியைக்கூட மோதிப் பார்க்க அவருக்கு வழியில்லை. அதே குழாயை ஐந்து நிறுவனங்களின் வண்டிகளுக்கு மாட்டுகிறார். ஆஸ்திரேலியக் கம்பி என்று சொல்லி விற்கும் பெட்டியில்கூட, உங்கள் மாதிரிக்குச் சோதித்ததா என்று கேளுங்கள். பதில் வராது.

உதகை_வழக்கறிஞர் (புதன், இரவு 8.20)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பத்துக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பர் 7-ஆம் நாள் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, முன் கம்பிகளைப் பொருத்துவது இந்தப் பிரிவை மீறுவது, நடவடிக்கை எடுங்கள் என்று கூறியது. நடந்து செல்பவர்களுக்கும் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதே அந்தக் கடிதம் சொன்ன காரணம். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் உற்பத்தியாளரின் வடிவத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். அபராதத்தைவிட அதிகம் வலிப்பது காப்பீடு. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுத்தால், அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் போய்விட்ட வீட்டில் அந்த அலைச்சல் எப்படிப்பட்டது என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

தண்டிக்குடி_காபி (புதன், இரவு 8.50)

எல்லாம் சரி. ஆனால் அரசு வண்டிகளில் இன்னும் கம்பியோடு போகிறார்களே, அவர்களுக்கு மட்டும் சட்டம் இல்லையா? பார்த்தால் மனம் ஆறவில்லை.

உதகை_வழக்கறிஞர் (புதன், இரவு 9.05)

52-ஆம் பிரிவில் அரசு வண்டிக்கென்று இதற்குத் தனிச்சலுகை இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. படத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள், எழுத நான் உதவுகிறேன்.

செவிலி_மலைநாடு (புதன், இரவு 11.30)

இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படிக்கிறேன். எல்லோரும் வண்டிக்குள் இருப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே இருப்பவரைப் பற்றியும் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

விபத்துப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு மாலை, பள்ளி விட்டு வரும் நேரம், ஏழு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தைத் தெருவில் மெதுவாகப் போன வண்டிதான். ஓட்டுநர் வேகமாக வரவில்லை என்று அங்கிருந்த எல்லோரும் சொன்னார்கள். அவரும் அழுதுகொண்டே பின்னால் வந்தார். பிளாஸ்டிக் பம்பரும் அதற்குள் நுரையும் பட்டிருந்தால் கால் முறிந்திருக்கும். இரும்புக் குழாய் அந்தக் குழந்தையின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

நம் மலையூர்களில் நடைபாதை எங்கே இருக்கிறது? குன்னூர் கடைவீதியிலும் கோத்தகிரிச் சந்தையிலும் பிள்ளைகள் வண்டியை உரசிக்கொண்டுதான் நடக்கிறார்கள். கட்டபெட்டு அண்ணா, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான் அவர்கள்.

கட்டபெட்டுக்காரன் (வியாழன், காலை 5.50)

அக்கா, படித்துவிட்டேன். வண்டியை எடுக்கவே இப்போது கை வரவில்லை.

பழைய_ஜீப் (வியாழன், காலை 10.10)

என்னுடையது 1994-ஆம் ஆண்டு ஜீப். ஏர்பேக் என்ற பேச்சே அப்போது இல்லை. தோட்டத்துக்குள் தேயிலை மூட்டை ஏற்றத்தான் ஓட்டுகிறேன். எனக்கும் கம்பி கூடாதா?

பெருமாள்மலை_ஓய்வு (வியாழன், காலை 11.00)

ஏர்பேக் கணக்கு உங்களுக்கு இல்லை ஐயா. நம் நாட்டில் 2019 ஜூலை முதல்தான் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது, பக்கத்து இருக்கைக்கு 2021-இல். ஆனால் செவிலி அம்மா சொன்னது பழைய வண்டிக்கும் அப்படியே பொருந்தும். பொதுச் சாலைக்கு வரும்போது அது இல்லாமல் வாருங்கள்.

ஒரு வார்த்தை எல்லோருக்கும்: முன் ஏர்பேக் முன்பக்க மோதலுக்கு மட்டுமே. வண்டி பள்ளத்தில் உருண்டால் அது திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலையில் உருளும் வண்டிக்குள் ஆளை இருக்கையில் பிடித்து வைப்பது சீட் பெல்ட் ஒன்றுதான். மேட்டுப்பாளையம் சோதனைச் சாவடி தாண்டியதும் பெல்ட்டைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கம்பியைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

கூடலூர்_பட்டறை (வியாழன், இரவு 7.30)

நான் மெக்கானிக். கூடலூரில் சொந்தப் பட்டறை. எத்தனையோ வண்டிகளுக்கு முன் கம்பி மாட்டியிருக்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

"சென்சாரைத் தொடவே இல்லை" என்று பட்டறையில் சொல்வார்கள். கம்பி மாட்ட முதலில் பம்பரைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் நுரைத் திண்டு கம்பியின் பிடிக்கு இடைஞ்சலாக இருக்கும். அதை அறுத்து எறிவார்கள். நசுங்கும் பெட்டியின் போல்ட் கம்பியின் பிடியோடு சேராது. பெட்டியில் புதிதாகத் துளை போடுவார்கள், சிலர் அங்கேயே வெல்டிங் வைப்பார்கள். துளை போட்ட இடத்திலும் சூடு பட்ட இடத்திலும் அந்தத் தகடு இனி வடிவமைத்தபடி மடியாது. முன் சென்சார் வழியில் நின்றால் அதைக் கழற்றி இரண்டு அங்குலம் தள்ளி வேறு போல்ட்டில் மாட்டுவார்கள். சென்சாரின் மேல் எந்தத் திசையை நோக்கி மாட்ட வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்து மாட்டுபவர் குறைவு.

ஒருமுறை வேறு இடத்தில் கம்பி மாட்டிய வண்டி ஒன்று என்னிடம் வேறு வேலைக்காக வந்தது. பம்பரைக் கழற்றினால் சென்சார் ஒயரில் பாதி உரிந்து, குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகளாக அதில் கேரளத்துக்கும் மைசூருக்கும் போய் வந்திருக்கிறது. அன்று முதல் நான் மாட்டுவதில்லை. கழற்றுவதற்கு மட்டும் வாருங்கள், கூலி வாங்க மாட்டேன்.

நெறியாளர் (வியாழன், இரவு 9.00)

தனிச் செய்தியில் பட்டறைகளின் பெயர் கேட்டுப் பலர் எழுதுகிறார்கள். இங்கே யாருடைய பெயரும் வேண்டாம். விஷயம் தொடரட்டும்.

கட்டபெட்டுக்காரன் (சனி, மாலை 6.40)

இன்று கழற்றிவிட்டேன். கூடலூர் அண்ணனிடம் போகத் தூரம் அதிகம் என்பதால், குன்னூரில் தெரிந்த மெக்கானிக்கை வைத்து, நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

கூடலூர் அண்ணன் எழுதியதை யாரோ என் வண்டியைப் பார்த்து எழுதியது போல இருந்தது. நுரைத் திண்டின் இரண்டு முனையும் இல்லை. வலது பக்க நசுங்கும் பெட்டியில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள். இடது பக்கம் பிடியைப் பெட்டியின் மேலேயே பற்றவைத்திருக்கிறார்கள், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முன் சென்சார் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் ஒரு போல்ட் இல்லை, கையால் தொட்டால் ஆடியது. நான்கு மாதமாக என் மகளை இதில் பள்ளிக்கு அழைத்துப்போயிருக்கிறேன். 14 ஆயிரம் கொடுத்து இதைச் செய்துகொண்டது நானே.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். துளையை வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்கிறார் இங்குள்ள மெக்கானிக்.

கூடலூர்_பட்டறை (சனி, இரவு 7.15)

வெல்டிங் வைத்து மூடவே மூடாதீர்கள் அண்ணா. பற்றவைத்த இடம் கெட்டியாகும், அது இன்னொரு கோளாறு. இரண்டு நசுங்கும் பெட்டிகளையும் புதிதாக வாங்கி மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அவை போல்ட்டில் கழலும், குறுக்கு உத்தரத்தோடு சேர்ந்தும் கிடைக்கும். நுரைத் திண்டும் தனியாகக் கிடைக்கும். பற்றவைத்த சூடு பெட்டிக்குப் பின்னால் உள்ள நீளச் சட்டம் வரை போயிருக்கிறதா என்று பெயின்ட் கருகியிருப்பதை வைத்துப் பாருங்கள். அங்கே கருகியிருந்தால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் காட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சென்சாரில் கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை திறக்க வேண்டும் என்பதற்காகக் கணினிப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்திருக்கும். அது வடிய வேண்டும். சென்சாருக்கு அந்த நிறுவனத்தின் போல்ட்டையே போடுங்கள், அம்புக்குறியைப் பார்த்து, சொன்ன இறுக்கத்துக்கு இறுக்குங்கள். பிறகு சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், எரியவே இல்லையென்றாலும் கோளாறு உண்டு. அணைந்தாலும் ஒருமுறை கருவி போட்டுப் பிழைக்குறிப்பு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெருமாள்மலை_ஓய்வு (சனி, இரவு 7.50)

கூடலூர்க்காரர் சொன்னதில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. பெட்டிகள் வரும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள் ஐயா. மண்டிக்கு லாரியிலேயே போய் வாருங்கள். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மகளைக் காப்பாற்றத்தான் மாட்டினீர்கள், தெரிந்ததும் நான்கே நாளில் கழற்றிவிட்டீர்கள்.

செவிலி_மலைநாடு (சனி, இரவு 10.20)

நன்றி அண்ணா.

கல்லட்டி36 (ஞாயிறு, காலை 6.05)

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடமான் மோதிய அன்று என்னைக் காப்பாற்றிய அந்தக் கம்பி, ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் இருந்தது. போன ஆண்டு புது வண்டி வாங்கியபோது பழக்கத்தில் அதிலும் மாட்டச் சொன்னேன். பம்பருக்குள் என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. அதில் தினமும் நான்கு பேர் என்னை நம்பி உட்காருகிறார்கள்.

கூடலூர் அண்ணா, புதன்கிழமை எனக்குச் சவாரி இல்லை. நடுவட்டம் வழியாக இறங்கி ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன். கூலி நீங்கள் வாங்கத்தான் வேண்டும். என் தம்பி மகனுடைய வண்டியிலும் கம்பி இருக்கிறது, அவனையும் கூட்டிக்கொண்டு வரலாமா?

கூடலூர்_பட்டறை (ஞாயிறு, காலை 6.40)

இரண்டு வண்டியையும் கொண்டு வாருங்கள். உங்கள் மாதிரி எது, எந்த ஆண்டு என்று இன்றே எழுதி அனுப்புங்கள். நுரைத் திண்டு கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.